அந்த எழுத்தைச் சரியாகத் தையுங்கள்: ஐஸ் ஹாக்கி கிளப் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கிளப்பின் உரிமையாளருக்கும், பொது மேலாளருக்கும், அவர்கள் அறையில் உட்கார்ந்து தலையாட்டிய மற்றவர்களுக்கும்,

சென்ற செவ்வாய்க்கிழமை நீங்கள் விட்ட அறிக்கையை நான்கு முறை படித்தேன். கேப்டன் தம் எதிர்காலத்தைப் பற்றி யோசித்து வருகிறார், அவர் எந்த முடிவை எடுத்தாலும் கிளப் அதை மதிக்கும். இவ்வளவுதான் விஷயம். படிக்கிற ரசிகனுக்கு இதில் என்ன புரியும்? அவர் போகத் துடிக்கிறார், நீங்கள் பெருந்தன்மையோடு கதவைத் திறந்துவிடுகிறீர்கள் என்று புரியும். அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அப்படிப் புரிய வேண்டும் என்றுதான் எழுதினீர்கள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துப் போயிருந்தேன். கேப்டன் முதல் முறை ஐஸில் இறங்கியபோது மேல் வரிசைகளிலிருந்து ஊளைச் சத்தம் வந்தது. எல்லோரும் போடவில்லை. ஆனால் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்கிற அளவுக்கு இருந்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் தன் பையனோடு வந்திருந்தார். பையனுக்குப் பத்து வயது இருக்கும். இருவருமே கேப்டன் பெயர் போட்ட சட்டை அணிந்திருந்தார்கள். அப்பா தன் சட்டையின் நெஞ்சில் இருந்த, கேப்டனைக் குறிக்கும் 'சி' எழுத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார், ஸ்டிக்கில் சுற்றுகிற அதே துணி டேப். பையன் தன் சட்டையில் ஒட்ட விடவில்லை போலிருக்கிறது. மூன்று பீரியட் முழுக்க அவன் ஒரு கையை நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அந்த டேப்பை ஒட்டியது அந்த அப்பா என்று நான் நினைக்கவில்லை. நீங்கள்தான் ஒட்டினீர்கள்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கிளப்பின் கருவி அறையில் 14 வருடம் வேலை பார்த்தேன். ஸ்கேட் தீட்டுவது, ஸ்டிக்கை அளவுக்கு வெட்டுவது, ஆட்டம் முடிந்து நனைந்து கிடக்கிற சட்டைகளை உலர்த்துவது, பெயரும் எண்ணும் தைப்பது. போன கோடையில் ஓய்வு பெற்றேன். உங்கள் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று கணினி போட்ட பதில் ஒன்று வந்தது. ஆகவே இது தமிழில், ஊரறிய. ஆங்கிலப் படியும் உங்களுக்கு வரும், என் மகள் மொழிபெயர்க்கிறாள். சில இடங்களில் அவள் என்னைவிட மரியாதையாக எழுதிவிடுவாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

என் கடைசி வேலை இந்த சீசனுக்கான புதிய சட்டைகளைத் தைப்பது. வெள்ளை ஒரு கட்டு, கறுப்பு ஒரு கட்டு. பெயர்களைத் தைத்து முடித்து, கேப்டன் சட்டையை எடுத்து இடது நெஞ்சில் 'சி'யை வைத்து ஊசியைக் குத்தும் நேரத்தில் மாடியிலிருந்து போன் வந்தது. யார் பேசியது என்று இங்கே எழுத மாட்டேன். "அந்த எழுத்துக்கு முழுத் தையல் வேண்டாம். பேருக்கு நாலு ஓட்டுத் தையல் போட்டு வையுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

ஓட்டுத் தையல் என்றால் என்னவென்று ஊசி பிடித்தவர்களுக்குத் தெரியும். பிரிப்பதற்கென்றே போடுகிற தையல் அது. ஓர் இழுப்பில் நூல் மொத்தமும் கையோடு வந்துவிடும், துணியில் தடம்கூட இருக்காது. ஐஸ் ஹாக்கிச் சட்டையில் யாரும் அப்படித் தைப்பதில்லை. எதிராளி பிடித்து இழுப்பான், ஐஸைச் சுற்றியுள்ள பலகையில் உராயும், வாரத்துக்கு மூன்று முறை துவைக்க வேண்டும். முதல் மாதத்திலேயே எழுத்தின் ஒரு முனை கழன்று தொங்கும். சொன்னேன். "தொங்கினால் மறுபடி போடுங்கள்" என்றது போன்.

இது நடந்தது ஜூலையில். யோசித்து வருகிறார் என்று நீங்கள் ஊருக்கு அறிவித்தது இந்த ஜனவரியில். நடுவில் ஆறு மாதம். யார் முதலில் யோசித்தார்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை, அந்தச் சட்டையே சொல்லும்.

இதில் என் நிலை என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ அவரைக் கட்டிவைக்கப் பார்க்கிறேன் என்பீர்கள். அவர் போக வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் என் எண்ணம்.

கால் தளர்வதை முதலில் கண்டுபிடிப்பவர் பயிற்சியாளர் இல்லை, மருத்துவரும் இல்லை. ஸ்கேட் தீட்டுகிறவன்தான். ஸ்கேட்டின் இரும்பு அடியில் தட்டையாக இருக்காது, நடுவில் குழிந்து இரண்டு பக்கமும் விளிம்பு நிற்கும். குழி ஆழமாக இருந்தால் விளிம்பு ஐஸை நன்றாகக் கடிக்கும், சட்டென்று திரும்பலாம், நிற்கலாம். ஆனால் ஒவ்வொரு அடியும் காலிடமிருந்து கூலி வாங்கும். குழி ஆழம் குறைந்தால் கடி குறையும், வழுக்கிக்கொண்டு போவது எளிது. நம் கேப்டன் பத்து வருடத்துக்கு மேல் அரை அங்குலக் குழியில்தான் ஆடினார். தீட்டிக் கொடுத்ததும் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெல்ல இழுப்பார். நகத்தில் தூள் வந்தால் தலையசைப்பார், வராவிட்டால் ஒன்றும் பேசாமல் திருப்பி நீட்டுவார். மூன்று சீசனுக்கு முன்னால் ஒரு நாள் காலையில், அறையில் யாரும் இல்லாதபோது வந்து, "எட்டில் ஐந்து போட்டுப் பார்க்கலாமா" என்று கேட்டார். அந்த எண் குழி வளைவின் ஆரம், எண் கூடினால் ஆழம் குறைவு. நான் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்று முதல் அவர் திருப்பங்களைக் குறைத்துக்கொண்டு, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே முன்கூட்டியே போய் நின்று ஆடப் பழகினார். ஆட்டம் தொடங்க நடுவர் இருவர் நடுவே பக்கை, அந்த ரப்பர் வட்டை, போடுகிற ஃபேஸ்-ஆஃபில் இன்றும் அவரிடம் அதைப் பிடுங்குவது எளிதில்லை. ஆனால் அந்தக் கால்களில் இன்னும் இரண்டு நல்ல வருடம் இருக்கிறது, மூன்று இல்லை.

நீங்களோ அணியை அடியோடு பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கு இடதும் வலதுமாக ஆடிய இருவரையும் இரண்டு வருடத்தில் அனுப்பிவிட்டீர்கள். கிடைத்ததெல்லாம் பதினெட்டு வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகள். அந்தப் பையன்கள் ஆளாகும்போது இவர் ஆடிக்கொண்டிருக்க மாட்டார். சரி, அணியைக் கட்டுவது உங்கள் வேலை, அதில் தப்பு என்று சொல்ல நான் யார்? ஆனால் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை ஒரு முறைகூடத் தொடாத ஒரு மனிதரின் கடைசி இரண்டு வருடத்தை அந்தக் கட்டடத்துக்குச் சாரமாக நிறுத்தி வைப்பது நியாயமா?

ஆகவே போகட்டும். என் சண்டை அவர் போவதில் இல்லை. போகச் சொல்கிறவர்களும் நீங்கள், நாளைக்கு "விட்டுவிட்டுப் போனார்" என்று சொல்லப் போகிறவர்களும் நீங்கள். அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கேப்டனின் ஒப்பந்தத்தில் இடமாற்றத் தடை இருக்கிறது, அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது, ஆகவே முடிவு அவர் கையில்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். காகிதத்தில் சரி. அந்தப் பாதுகாப்பை ஒரு வீரன் சும்மா வாங்குவதில்லை, பெரும்பாலும் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் வாங்குகிறான். வாங்கியது எதற்கு? யாராவது தன்னைத் தூக்கிப் போட நினைத்தால் நேரில் வந்து கேட்க வேண்டும் என்பதற்காக. நீங்கள் நேரில் கேட்கவில்லை. ஏஜெண்டிடம் மூன்று அணிகளின் பட்டியல் கேட்டீர்கள், இரண்டு நாளில் அந்தப் பட்டியல் பத்திரிகைக்குப் போய்விட்டது. அப்புறம் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். இல்லை என்றால் இளைஞர்களுக்கு வழிவிடாத சுயநலக்காரர். சரி என்றால் மூழ்குகிற கப்பலிலிருந்து குதித்தவர். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவருக்கு.

இது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. மாட்ஸ் சண்டீனுக்கு 2008இல் டொரண்டோவில் இதே நெருக்கடி வந்தது. 1997 முதல் கேப்டன், கையில் அதே தடை விதி. அணி பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளுக்கு, எட்டாத தூரத்தில் கிடந்தது. பிப்ரவரியில் அவரை விற்றுவிட்டால் நல்ல விலை கிடைக்கும் என்று ஊரே கணக்குப் போட்டது. அவர் மறுத்தார். சீசனின் கடைசியில் வேறொரு அணியில் ஏறி வாங்குகிற கோப்பையில் தனக்கு நம்பிக்கை இல்லை, தொடக்கம் முதல் கூட நடந்து வாங்குவதுதான் கோப்பை என்பது அவர் சொன்ன காரணம். எவ்வளவு திட்டு வாங்கினார் தெரியுமா? கிளப்பின் எதிர்காலத்தையே கெடுத்தார் என்றார்கள். அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிந்தது, டிசம்பரில் வான்கூவருக்குப் போனார். 2009 பிப்ரவரியில் எதிரணிச் சட்டையோடு டொரண்டோவுக்கு வந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, அவர் கண்கலங்கினார். சமநிலையை முறிக்க அன்று நடந்த ஷூட்அவுட்டில் வெற்றி கோலையும் அவரே போட்டார். கோப்பை மட்டும் அவருக்குக் கடைசி வரை இல்லை.

ரே போர்க்கின் கதையை நீங்கள் அடிக்கடி உதாரணம் காட்டுவீர்கள், போன வாரப் பேட்டியிலும் காட்டினீர்கள். ஆனால் பாதியைத்தான் சொல்கிறீர்கள். பாஸ்டனில் 1979இல் சேர்ந்தவர், 21ஆவது சீசன் வரை அங்கேயே ஆடினார். அணி சரிந்துகொண்டிருந்தது. கோப்பைக்கு ஒரு வாய்ப்பு வேண்டும் என்று அவரே கேட்டார், 2000 மார்ச்சில் கொலராடோவுக்கு அனுப்பினார்கள். 2001 ஜூன் 9, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், நியூ ஜெர்சியை வென்றார்கள். வழக்கப்படி கோப்பை முதலில் கேப்டன் கைக்குத்தான் வரும், அவர்தான் முதலில் தூக்குவார். ஜோ சாக்கிக் வாங்கினார், தூக்கவே இல்லை, அப்படியே போர்க்கிடம் நீட்டினார். அந்தப் படத்தைக் கருவி அறையின் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். நீங்கள் விட்டுவிடுகிற பாதி இனிமேல்தான். சில நாளில் போர்க் அந்தக் கோப்பையைப் பாஸ்டனுக்கே கொண்டுவந்தார். இன்னொரு அணி வாங்கிய கோப்பையைப் பார்க்க, அவர் விட்டுப்போன ஊர் ஆயிரக்கணக்கில் கூடியது. ஏன் கூடியது? யாரும் அவர் சட்டையின் மேல் டேப் ஒட்டும்படி செய்யவில்லை. கேட்டார், அனுப்பினார்கள், கேட்டதை அவரும் ஒளிக்கவில்லை, அனுப்பியதை அவர்களும் ஒளிக்கவில்லை.

உங்கள் அறிக்கை எனக்கு இதைவிட அதிகமாக நினைவுபடுத்தியது ஒட்டாவாவைத்தான். டேனியல் ஆல்ஃபிரட்சன் 1999 முதல் கேப்டன். 2013 ஜூலையில் டெட்ராய்ட்டுக்குப் போனார். கோப்பை ஆசையில் ஊரைக் கைவிட்டார் என்று முதலில் பேச்சு. ஆகஸ்டில் அவரே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, முந்தைய ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் தன் சம்பளம் குறைவாக வைக்கப்பட்டதையும், அதற்குப் பிறகான பேச்சுவார்த்தை எப்படிப் போனது என்பதையும் சொன்ன பிறகுதான் காற்று திசை மாறியது. 18 வருடம் ஆடிய மனிதர், நான் துரோகி இல்லை என்று மைக் முன்னால் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தது. 2014 டிசம்பரில் ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு ஒட்டாவா வீரராகவே ஓய்வு பெற்றார், 2016 டிசம்பரில் அவருடைய 11ஆம் எண்ணை இனி யாரும் அணியாதபடி ஓய்வு கொடுத்து அரங்கின் மேலே ஏற்றினார்கள். ஏற்றினார்கள், சரி. நடுவில் போன அந்தக் காலத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

போனால் கோப்பை நிச்சயம் என்றும் நான் சொல்லவில்லை. ஜரோம் இகின்லா 2013இல் கால்கரியை விட்டுப் பிட்ஸ்பர்க்கைத் தேர்ந்தெடுத்தார். அவருக்காகப் போட்டிபோட்டுத் தோற்ற பாஸ்டனே பிளேஆஃபில் அவர்களை நான்குக்குப் பூஜ்யமாகத் துடைத்தது. இகின்லா கோப்பை இல்லாமலே ஓய்வு பெற்றார். ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் 2024இல் டாம்பாவிலிருந்து நாஷ்வில்லுக்குப் போனார், முதல் சீசனிலேயே அந்த அணி பிளேஆஃபைக் கூட எட்டவில்லை. மறுபக்கம் பிராட் மார்ஷாண்ட். 2025 மார்ச்சில் பாஸ்டன் கேப்டனாக இருந்தவர், ஜூனில் ஃப்ளோரிடா சட்டையில் கோப்பையோடு நின்றார். பக் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இருந்தால் மட்டும் பரிசு கிடைத்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஸ்டீவ் ஐசர்மேனுக்குக் கிடைத்தது. 1995இல் அவரை ஒட்டாவாவுக்கு விற்கப் போகிறார்கள் என்று பேச்சு பலமாக அடிபட்டது, விற்கவில்லை. 1997இல் டெட்ராய்ட் 42 வருடம் கழித்துக் கோப்பையைத் தூக்கியது, அவர் கையால். ஷேன் டோனுக்கு என்ன கிடைத்தது? 21 சீசன் ஒரே கிளப், 2003 முதல் கேப்டன். கிளப்பின் உரிமை கைமாறி, பணம் இல்லாமல் தள்ளாடி, நாளை இந்த ஊரில் இருக்குமா என்று தெரியாத காலத்திலும் அவர் நகரவில்லை. 2017இல் இனி ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் விட்டுப் போகாத அணி, 2024இல் அரிசோனாவையே விட்டு யூட்டாவுக்குப் போய்விட்டது. விசுவாசம் என்ற வார்த்தையை நீங்கள் எடுக்கும்போதெல்லாம் எனக்கு டோன் ஞாபகம்தான் வருகிறது.

விசுவாசம் பற்றி உங்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆட்டம். எதிரணிக்குப் பவர் பிளே, நம்மவர்களில் ஓர் ஆள் குறைவு. நீலக்கோட்டிலிருந்து அடித்த பக் கேப்டனின் இடது பாதத்தின் பக்கவாட்டில் பட்டது. அந்தச் சத்தம் வேறு மாதிரி இருக்கும், பலகையில் பட்டால் வருவது போல் இல்லாமல் கொஞ்சம் ஈரமாக. அவர் எழுந்து, ஒற்றைக் காலில் வழுக்கி, இரண்டாவது அடிக்கும் முன்னால் போய் நின்றார். பீரியட் முடிந்து அறைக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். ஸ்கேட்டைக் கழற்ற முடியவில்லை, உள்ளே வீங்கிவிட்டது. கத்தரிக்கோலால் லேஸை மேலிருந்து கீழ் வரை வெட்டினேன். நாக்குப் பகுதியை மெல்ல விரித்தேன். அவர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "புது லேஸ் போடு. ஒரு அளவு பெரிய ஸ்கேட் யாரிடமாவது இருக்கிறதா பார். பையன்களிடம் சொல்லாதே, பயந்துவிடுவார்கள்." மூன்றாவது பீரியட் ஆடினார். இரவில் எக்ஸ்-ரே எடுத்தபோது இரண்டு எலும்பு முறிந்திருந்தது.

இதை வீரக் கதையாகச் சொல்லவில்லை. உண்மையில் அன்று அவர் செய்தது முட்டாள்தனம் என்று இன்றும் நினைக்கிறேன், மருத்துவரிடம் சொல்லாமல் விட்டது என் முட்டாள்தனம். அன்று மேல் மாடியிலிருந்த உங்களில் ஒருவர் கீழே வந்து, "இதுதான் இந்தக் கிளப்" என்று கண்கலங்கிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த சீசன் டிக்கெட் விளம்பரத்தில் அந்த ஒற்றைக்கால் காட்சிதான் வந்தது. அந்தக் காலை வைத்து நாற்காலி விற்றீர்கள். இப்போது அந்தக் கால் போகிறது என்றால் அனுப்புவது நாங்கள்தான் என்று சொல்லக்கூட உங்களுக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று, சின்ன விஷயம். இந்த சீசன் வந்த பத்தொன்பது வயதுப் பையன், அவர் இடத்துக்கென்று நீங்கள் தேர்ந்தெடுத்த பையன்தான், ஃபேஸ்-ஆஃபில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தான். தினமும் பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு கேப்டன் அவனோடு வட்டத்தில் நிற்கிறார், கீழ்க் கையை எப்படித் திருப்புவது, நடுவர் கையைப் பார்ப்பதா பக்கைப் பார்ப்பதா என்று. ஓய்வு பெற்றவன் எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பழைய நண்பர்கள் இன்னும் அந்த அறையில் இருக்கிறார்கள், அவர்கள் பேரைக் கேட்காதீர்கள். தன் நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு உட்காரக் கற்றுக்கொடுக்கிறவரைத்தான் இளைஞர்களுக்கு வழிவிடாதவர் என்று உங்கள் ஆட்கள் பத்திரிகைக்காரர்களிடம் கிசுகிசுக்கிறார்கள்.

ரசிகர்களிடமும் ஒரு வார்த்தை, இந்த மடல் உங்களுக்கு இல்லாவிட்டாலும். போகாதே என்று பதாகை பிடிப்பவர்களும் சரி, போய்த் தொலை என்று கத்துபவர்களும் சரி, அவருக்கு மனைவி இருக்கிறார், பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இங்கேயே பிறந்தவர்கள். சனிக்கிழமை அவர்களும் அரங்கில்தான் இருந்தார்கள்.

இப்போது நிர்வாகத்திடம் நான் கேட்பது.

முதலில், செவ்வாய்க்கிழமை அறிக்கையைத் திருத்துங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். "அணியைப் புதிதாகக் கட்டுவது என்று நாங்கள் முடிவெடுத்தோம், வேறு இடம் போகச் சம்மதமா என்று நாங்கள்தான் கேப்டனைக் கேட்டோம்" என்ற ஒரு வரி போதும். பொது மேலாளரின் பெயரில், அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால் வர வேண்டும்.

அடுத்தது, அவரை நேரில் கூப்பிட்டு உட்கார வைத்து, அடுத்த இரண்டு சீசனில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். யாரை விற்பீர்கள், யாரை வாங்குவீர்கள், பிளேஆஃப் எந்த வருடம் என்று உங்கள் மனதில் இருக்கிறதோ அதை அப்படியே. ஏஜெண்ட் வழியாக வேண்டாம். இருப்பதா போவதா என்று அவர் முடிவெடுக்க அது தெரிய வேண்டும், இதுவரை அவருக்குத் தெரிந்திருப்பதெல்லாம் பத்திரிகையில் வந்ததுதான்.

அவர் போவதாகச் சொன்னால் இடத்தை அவர் சொல்லட்டும், விலையைப் பார்த்து நீங்கள் சொல்லாதீர்கள். அவர் சம்பளம் பெரிது, நல்ல அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பில் இடம் இருக்காது. சம்பளத்தில் பாதி வரை பழைய கிளப்பே சுமந்துகொண்டு வீரரை அனுப்ப என்.எச்.எல். விதியில் வழி இருப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தப் பாதியைச் சுமங்கள். வீரர்களை வேறு அணிக்கு அனுப்புவதற்கான மார்ச் மாதக் கெடுவின் கடைசி மணிநேரத்தில், விமான நிலையத்தில் வைத்து, போனில் முடிக்காதீர்கள். முன்கூட்டியே முடித்து, இது கடைசி ஆட்டம் என்று அவருக்கும் கூட்டத்துக்கும் தெரிந்து ஒரு முறை இங்கே ஆட விடுங்கள். 2022 மார்ச்சில் கிளாட் ஜிரூ பிலடெல்ஃபியா சட்டையில் தன் 1,000ஆவது ஆட்டத்தைச் சொந்தக் கூட்டத்தின் முன்னால் ஆடி முடித்த பிறகுதான் ஃப்ளோரிடாவுக்கு அனுப்பப்பட்டார். செய்ய மனம் இருந்தால் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இருக்கிறேன் என்று சொன்னால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். மாடியிலிருந்து பத்திரிகைக்குப் போகிற போன்களும் நிற்க வேண்டும். முக்கியத்துவம் குறைந்த மூன்றாவது ஆட்ட வரிசையில் ஆட வைத்து, பவர் பிளேயிலிருந்து எடுத்து, அவராகவே கேட்கிற வரை காத்திருக்கிற வேலையும் வேண்டாம். அதை நான் இரண்டு முறை இதே கிளப்பில், வேறு வீரர்களுக்கு நடக்கப் பார்த்திருக்கிறேன்.

இரண்டில் எது நடந்தாலும், அவர் இங்கே ஆடப்போகிற ஆட்டம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் என்றாலும், அந்த 'சி'யைப் பிரித்துவிட்டு முழுத் தையலாகப் போடுங்கள். சனிக்கிழமை அதன் கீழ் முனை கழன்றிருந்தது, எட்டாவது வரிசையிலிருந்தே தெரிந்தது. தடித்த வெள்ளை நூல் தையல் மெஷினுக்குக் கீழே, இடது பக்கம் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் போன் செய்யுங்கள், என் வீட்டில் ஒரு கண்டு இருக்கிறது, கொண்டுவந்து நானே தைத்துத் தருகிறேன். இருபது நிமிட வேலை.

இப்படிக்கு,
உங்கள் கருவி அறையின் பழைய ஊழியன்